தோத்தாபுரி கேஸ்

காணிப்பாக்கம் பிள்ளையார் குளத்தில் முழுகி எழுந்து, ஈர வேட்டியோடு சொல்கிறேன். இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

எங்கள் புத்தலப்பட்டுச் செங்கல்வராயனின் டிராக்டர் மாம்பழக்கூழ் ஆலை வாசலில் நாள்கணக்கில் வரிசையில் நின்றது. வண்டி நிறைய இருந்த தோத்தாபுரி மாங்காய் அழுகத் தொடங்கியது. ஒரு வருஷ உழைப்பு குப்பைக்குப் போவதைப் பொறுக்காமல் அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, அத்தனையையும் வீட்டுச் சாண எரிவாயுத் தொட்டியில் கொட்டினான்.

“தொட்டி வெடிச்சா நீயேதான் கட்டணும்யா,” என்றாள் அவன் மனைவி கன்னியம்மாள்.

வெடிக்கவில்லை. தொட்டியின் ரப்பர் மூடிதான் புளியமரத்துக்கு மேலே உப்பியது. அது பறந்துவிடாமல் இருக்க எருமையைக் கட்டினோம். எருமை உச்சிக்கிளையில் தழை தின்றுவிட்டு, பால் கறக்கிற நேரத்துக்கு இறங்கி வந்தது.

குழாய் போட்டோம். ஊர் அடுப்புகளில் எரிந்தது போக மிஞ்சியது சித்தூருக்குப் போனது. திருப்பதி மலையேறும் பஸ்கள் மாம்பழ வாசனை விட்டுக்கொண்டு ஏறின. அதற்கும் மிஞ்சியதை டெல்லிவரை அனுப்பினோம்.

சென்னைத் துறைமுகத்தில் கச்சா எண்ணெயோடு காத்துக்கிடந்த வெளிநாட்டுக் கப்பலின் கேப்டன் கன்னியம்மாளுக்கே போன் போட்டு, எண்ணெய் வேண்டுமா என்று சுத்தத் தெலுங்கில் கேட்டான். அவள் தமிழிலேயே பதில் சொன்னாள்.

“எதுக்கு நைனா? நாடு முழுக்க எங்க கேஸுதான் எரிஞ்சிகினு கீது. இவ்ளோ தூரம் வந்துட்ட, ரெண்டு சிலிண்டர் எடுத்துக்கினு போ.”

கப்பல் திரும்பிப் போனது. செங்கல்வராயன் அதன்பிறகு எந்த ஆலை வாசலிலும் நிற்கவில்லை.

அவன் தோட்டத்தில் இருப்பவை எல்லாம் போன மாதம்தான் முதன்முதலாக நட்ட மாங்கன்றுகள். காய்க்க இன்னும் நாலு வருஷம் ஆகும்.