திரையில்லாத கேமரா

நான் கம்பி கட்டுகிறவன். கான்கிரீட் ஊற்றிவிட்டால் உள்ளே எத்தனை கம்பி என்று எனக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும். ஆண்டவன் சாட்சிக்கு வரமாட்டான்.

போன மாதம் ஒரு தூணில் விரிசல். நான் கம்பியைக் குறைத்துவிட்டேன் என்றான் சூப்பர்வைசர். வாசலில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்பதால் ஊற்றுமுன்பே இரவல் டிஜிட்டல் கேமராவில் கம்பியைப் படம் எடுத்து வைத்திருந்தேன். "கொடு, பாக்கிறேன்" என்று வாங்கினான். கேமரா திரும்பி வந்தபோது படமே இல்லை. கை பட்டு அழிந்துவிட்டதாம். இன்னொரு புகார் வந்தால் எனக்கு வேலை இல்லை.

மச்சானோடு பழைய கேமரா கடைக்குப் போனேன். அவனும் என்னோடு கம்பி கட்டுகிறவன்தான். கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று சட்டைப்பையில் அடங்கும் டிஜிட்டல். மற்றது செங்கல் கனத்தில், பிலிம் போடுகிற ரேஞ்ச்பைண்டர்.

"சின்னதையே எடு மாமா. உடனே படம் பாக்கலாம்."

"அவனும் பாப்பான்ல?"

"எடுத்தது தெரியாட்டி, கண்ணைக் கட்டி காட்டுல விட்ட மாதிரி ஆயிடும் மாமா."

இவனுக்கு ஏன் இத்தனை அக்கறை? சூப்பர்வைசரோடு இவன் டீ குடித்ததை நேற்று பார்த்தேன்.

"பிலிம்ல அழிக்க முடியாதுங்களா?"

"பின்கதவைத் திறந்தா போச்சு. மத்தபடி அழியாது" என்றார் கடைக்காரர். குறையையும் சொன்னதால் நம்பினேன். "பாக்கிற ஜன்னல் வேற, படம் பிடிக்கிற கண்ணு வேற, ஞாபகம் வெச்சுக்கங்க" என்றும் சொன்னார். நான் மச்சானின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை, ஊற்றுவதற்கு முன் ஏழு படம் எடுத்தேன். சூப்பர்வைசர் கை நீட்டினான்.

"கொடு, பாக்கிறேன்."

கொடுத்தேன். கேமரா வாரை மட்டும் விடவில்லை. அவன் முன்னும் பின்னும் புரட்டினான்.

"படம் எங்கய்யா?"

"உள்ள இருக்கு சார். கழுவினாத்தான் வெளிய வரும்."

அவன் முகம் சுருங்கியது. தானே குனிந்து ஒவ்வொரு கம்பியாக எண்ணினான். கம்பி சரி என்று வரைபடத்தில் கையெழுத்துப் போட்டு, அதை அங்கேயே வைத்துவிட்டு நகர்ந்தான்.

மச்சான் காதருகே வந்தான். "மாமா, மூடி."

லென்ஸ் மேல் மூடி அப்படியே இருந்தது. ஜன்னலில் எல்லாம் தெரிந்ததால் நான் கவனிக்கவில்லை. ஏழும் இருட்டு.

மூடியைக் கழற்றி எட்டாவதை எடுத்தேன், கம்பியும் கையெழுத்தும் சேர்ந்து விழும்படி.

"யார்கிட்டயும் சொல்லிடாதே."

"நான் எதுக்கு மாமா சொல்றேன்?"

பத்து மணிக்கு அவன் சூப்பர்வைசரோடு டீ குடிக்கப் போனான். எனக்கு டீ பிடிக்காது. நானும் கூடவே போனேன்.