சுடு என்றது ஒலிபெருக்கி

அலுவலகத்தில் எல்லோரும் அவளைச் சுவர் என்றுதான் கூப்பிட்டார்கள். பாதிக் காரணம் அவள் வேலை. துப்பாக்கி விளையாட்டுகளில் ஆடுகிறவன் ஓடும் அறைகளையும் ஒளியும் மூலைகளையும் விழுந்தடித்து ஏறும் படிகளையும் கணினிக்குள் கட்டி எழுப்புகிறவள் அவள். மீதிப் பாதி, அவளோடு ஒரு முறையாவது வாக்குவாதம் செய்தவர்களுக்குத் தெரியும். பேசிப் பேசித் தொண்டை வறண்டு இருக்கைக்குத் திரும்புகிறவர்கள், "சுவத்துக்கிட்ட பேசிட்டு வர்றேன்" என்பார்கள். அவளுக்கு அந்தப் பெயர் பிடித்துத்தான் இருந்தது.

அந்த வருடம் அவர்கள் கையில் இருந்தது ஒரு பழைய விளையாட்டு. ஒரு காலத்தில் கணினி வைத்திருந்த வீடுகளிலெல்லாம் ஆடித் தீர்த்தது. அதை இன்றைய கருவிகளுக்கு ஏற்றபடி அடியிலிருந்து மறுபடி கட்டும் வேலை. நாலு பேர் சேர்ந்து இணையத்தில் சுட்டுக்கொள்ளும் ஆட்டம் அதில் இல்லை. ஒரே ஆள், ஒரே கதை, முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரை.

அந்தக் கடைசிக் கட்டம்தான் அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. வழியெல்லாம் எதிரிகளைச் சாய்த்துக்கொண்டே வந்த சிப்பாய் ஒரு சுரங்கத்தின் அடிக்கு இறங்குவான். அங்கே எதிரிப் படையில் மிஞ்சியவர்கள் ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் தூக்கியபடி வரிசையாக நிற்பார்கள். மேலே மாட்டியிருக்கும் ஒலிபெருக்கியிலிருந்து தளபதியின் குரல் வரும்: "சுடு." சுட்டால் வாத்தியம் முழங்கும், பதக்கம் கிடைக்கும், ஆட்டம் முடிந்துவிடும். ஆனால் துப்பாக்கியை உயர்த்தி அந்த ஒலிபெருக்கியையே சுட்டால் குரல் அடங்கும், பக்கத்தில் ஒரு இரும்புக் கதவு திறக்கும். அதற்கப்பால் இன்னும் இரண்டு கட்டங்கள். அவற்றில் துரத்திக்கொண்டு வருவது சொந்தப் படையே. இப்படி ஒரு வழி இருக்கிறது என்று விளையாட்டு எங்கேயும் சொல்லாது. ஆடியவர்கள் தாங்களாகவே கண்டுபிடித்தார்கள்.

ஒரு காலையில் மேலாளர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. எதைப் பேசினாலும் வரைபடத்தோடு பேசுவார்.

"உக்காருங்க. அந்த இரும்புக் கதவுக்கு அப்பால வர்ற ரெண்டு கட்டத்தையும் எடுத்துரலாம்னு இருக்கோம். பத்துல ஒருத்தர்கூட அந்த வழியில போறதில்ல. யாரும் பாக்காத வீட்டுக்கு எதுக்குங்க சுண்ணாம்பு அடிக்கணும்?"

"அப்போ ஒலிபெருக்கி?"

"அது சும்மா இருக்கட்டும். சுட்டா உடையாத மாதிரி பண்ணிருங்க."

"சுடுறதைத் தவிர வேற வழியே இல்லாம பண்ணச் சொல்றீங்க."

"துப்பாக்கி ஆட்டம்தானே? சுடத்தானே வர்றாங்க?"

"கட்டம் ரெண்டையும் எடுக்கணும்னா எடுங்க, அது உங்க இஷ்டம். கதவை அடைக்கிற வேலையை என்கிட்ட குடுக்காதீங்க. நான் செய்யமாட்டேன்."

மேலாளர் பேனாவை மேசையில் இரண்டு முறை தட்டினார்.

வேலை கொசுவிடம் போனது. கொசு என்பது நிரல் எழுதும் பையனுக்கு விழுந்த பெயர். பையன் என்றாலும் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். எந்த இடுக்கில் பிழை ஒளிந்திருந்தாலும் விடாமல் சுற்றிச் சுற்றிக் கண்டுபிடித்துவிடுவான். அன்று சாயங்காலம் காபி இயந்திரத்தின் பக்கத்தில் அவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

"அக்கா, நான் செஞ்சிட்டேன். குண்டு பட்டா தகரத்துல கல்லெறிஞ்ச மாதிரி டங்குனு சத்தம் வரும், அவ்வளவுதான். எனக்கு மாட்டேன்னு சொல்ல வாய் வரல."

"உன் மேல எனக்குக் கோவம் இல்ல."

"இருக்கு. மூஞ்சியிலயே தெரியுது."

"சரி, கொஞ்சம் இருக்கு. காபி எடுத்துக்கிட்டு போ."

வீட்டில் அவள் இதைச் சொன்னபோது கணவன் துணி மடித்துக்கொண்டிருந்தான். கண்ணாடிக் கடையில் மூக்குக் கண்ணாடிக்கு வில்லை தேய்ப்பவன், அதிர்ந்து பேசமாட்டான். "கொஞ்சம் வளைஞ்சு குடுத்தா என்ன?" என்றான்.

"சுவர் வளைஞ்சா அப்புறம் அது நிக்குமா?"

கூடத்தில் படுத்தபடி கைபேசியைத் தடவிக்கொண்டிருந்த நாத்தனார் எட்டிப் பார்த்தாள். மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள், வாய்க்குப் பூட்டே கிடையாது. "அண்ணா, நீ யாருக்குப் புத்தி சொல்ற? அண்ணி நம்ம வீட்டுக்கு வந்த அன்னிக்கே அம்மாகிட்ட, எனக்கு இந்த அறை வேண்டாம், ஜன்னல் வச்ச அறை வேணும்னு கேட்டு வாங்கினவங்க."

"அந்த அறையில காத்து வரலையே!" என்றாள் சுவர். கணவன் சிரித்துக்கொண்டே ஒரு சட்டையை உதறினான். அதோடு பேச்சு நின்றது. ஆனால் அவளுக்குள் அது நிற்கவில்லை.

அடுத்த வாரம் சோதனை ஆட்டம். வெளியாட்களைக் கூட்டிவந்து ஒவ்வொருவராக ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து ஆடவிடுவார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மேலாளர், கொசு, சுவர் மூவரும் உட்கார்ந்து பார்ப்பார்கள். முதலில் வந்தவர்கள் மளமளவென்று ஆடிமுடித்துப் பதக்கம் வாங்கிக்கொண்டு போனார்கள். மேலாளருக்கு முகமெல்லாம் பல்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டு ஆசிரியை வந்தார். நடையிலேயே விசில் சத்தம் கேட்கிற மாதிரி ஒரு பெண்மணி. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, அப்படி ஒரு ஆட்டத்தை அங்கே யாரும் பார்த்ததில்லை. கதவுக்குப் பின்னால் நின்றவனைக் கதவோடு சேர்த்துச் சாய்த்தார். "ஓடுறியா? எங்கே ஓடுற? இந்தா வாங்கிக்கோ!" என்று திரையோடு சண்டை போட்டார். கொசு வாயைப் பிளந்து பார்த்தான். "இவங்க வகுப்புல பிள்ளைங்க எப்படி இருக்கும்!" என்று முணுமுணுத்தான்.

சுரங்கத்தின் அடிக்கு வந்தார். கையைத் தூக்கியவர்கள் வரிசையாக நின்றார்கள். குரல் சுடு என்றது.

ஆசிரியை சுடவில்லை. அந்த வரிசையின் முன்னால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். துப்பாக்கியைத் தாழ்த்தினார். வந்த வழியே திரும்ப முயன்றார். அது மூடிக்கிடந்தது. குரல் மறுபடி சுடு என்றது. அவர் தலையைத் தூக்கி ஒலிபெருக்கியைப் பார்த்து அதைச் சுட்டார். டங். இன்னொரு முறை. டங். கையிலிருந்த குண்டு மொத்தத்தையும் அதன்மேல் கொட்டினார். ஒன்றும் நடக்கவில்லை.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கொசு தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆசிரியை கையில் பிடித்திருந்த ஆட்டக் கருவியை மேசையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார். மேலாளர் ஒலிவாங்கியை எடுத்தார்.

"மேடம், புதுசா குண்டு போட்டுக்கிட்டு சுடுங்க. அவ்வளவுதான், முடிஞ்சிரும்."

"மாட்டேன்."

"இல்ல மேடம், இது வெறும் ஆட்டம்தான்…"

"ஆட்டம்னா விதி இருக்கணும் தம்பி. அவன் கையைத் தூக்கிட்டான், அவுட்டாயிட்டான். அவுட்டானவனை அடிச்சா எங்க மைதானத்துல வெளியே அனுப்பிருவேன். உங்களுக்கு வேணும்னா நீங்க வந்து சுட்டுக்கோங்க."

மேலாளர் ஒலிவாங்கியை மூடிவிட்டுச் சுவரிடம் திரும்பினார். "உள்ளே போய் அவங்களுக்கு எடுத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

சுவர் எழுந்து உள்ளே போனாள். ஆசிரியை அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீயும் சுடச் சொல்லத்தான் வந்தியா?"

"இல்லங்க" என்றாள் சுவர். இன்னொரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து தானும் கையைக் கட்டிக்கொண்டாள்.

கண்ணாடிக்கு அப்பால் மேலாளர் வாயசைப்பது தெரிந்தது. என்ன சொல்கிறார் என்று கேட்கவில்லை. திரையில் ஒலிபெருக்கி மட்டும் விட்டு விட்டுச் சுடு, சுடு என்று சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டு பெண்களும் அதைச் சட்டையே செய்யாமல் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் கொசுதான் வந்து ஆட்டத்தை அணைத்தான்.

"இந்தம்மா முடிவைக் கணக்குல சேக்க வேண்டாம்" என்றார் மேலாளர் அன்று மாலை. "ஆட்டத்தை முடிக்காதவங்க முடிவு முடிவே இல்ல."

"முடிக்காம விட்டது நாமதான் சார், அவங்க இல்ல."

"நீங்க இன்னிக்கு செஞ்சது சரியா?"

"சரிதான்."

மறுநாள் பெரிய மேடம் வருவதாக இருந்தது. நிறுவனத்தின் தலைவியை எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். வருடத்தில் ஓரிரு தரம் வருவார், உட்கார்ந்து கேட்பார், சரி அல்லது இல்லை என்பார், போய்விடுவார். அந்தக் கூட்டத்துக்குச் சுவரை அழைக்கவில்லை. அவள் சோதனை அறையில் எடுத்திருந்த ஒளிப்பதிவை எடுத்துக்கொண்டு கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

"இவங்க யாரு?" என்றார் பெரிய மேடம்.

"அறைகளைக் கட்டுறவங்க" என்றார் மேலாளர், பல்லைக் கடித்தபடி.

"மேடம், பேசுறதுக்கு வரல. ஒண்ணு காட்டணும். பிடிக்கலன்னா போயிடறேன்."

அவள் பதிவை ஓடவிட்டாள். ஆசிரியை கத்துவதும் சாய்ப்பதும் ஓடின. அறையில் இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு சுரங்கம். டங், டங், டங். சிரிப்பு நின்றது. மாட்டேன் என்ற குரல் அறையில் கேட்டது. திரையில் இரண்டு பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"அந்தப் பக்கத்துல இருக்கிறது நீங்கதானே?"

"நான்தான்."

"இப்படி எத்தனை பேர் சுடலன்னாங்க?"

"இவங்க ஒருத்தர்தான்."

"ஒருத்தருக்காக நான் மாத்தணுமா?"

"அவங்க நம்ம ஆட்டத்தை ரசிச்சு ஆடினாங்க மேடம். எல்லாரையும் விட நல்லா ஆடினாங்க. கடைசியில ஒரு தடவை மாட்டேன்னு சொன்னாங்க, நாம சுவத்துல முட்ட வச்சிட்டோம். அப்படி ஒரு சுவரைக் கட்ட எனக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் கட்டமாட்டேன்."

பெரிய மேடம் உறைந்து நின்ற திரையிலிருந்து கண்ணை எடுத்தார். "ரெண்டு கட்டம் கிடையாது. ஒண்ணு. ஆளும் தரமாட்டேன், தேதியும் தள்ளமாட்டேன். அழைக்காத கூட்டத்துக்கு வந்ததுக்கு, இது முடிஞ்சதும் நீங்க வேற விளையாட்டுக்கு மாறிப் போகணும். சம்மதமா?"

"சம்மதம்."

சுரங்கத்து இரும்புக் கதவு மறுபடி திறந்தது. தளபதியின் குரலை அடக்கும் நிரலைக் கொசு யாரும் கேட்காமலே எழுதி வைத்திருந்தான். ஒரே ஒரு கட்டத்துக்குள் அவள் இரண்டு கட்டத்தின் ஓட்டத்தையும் அடைக்கப் பார்த்தாள். முழுதாக முடியவில்லை. பழைய விளையாட்டில் கதவுக்கு அப்பால் வந்த ஆற்றுப்பாலம் இதில் இல்லாமல் போய்விட்டது. அது அவளுக்குக் கடைசிவரை உறுத்திக்கொண்டே இருந்தது. ஆனால் கையைத் தூக்கியவர்கள் கையை இறக்கி, சிப்பாய்க்குப் பின்னால் இரும்புக் கதவு வழியாக வெளிச்சத்துக்கு வருவதை அவள் தானே உட்கார்ந்து அமைத்தாள். ஒருவன் வாசலில் தடுக்கி விழுவான், இன்னொருவன் தூக்கிவிடுவான். அதை யாரும் கேட்கவில்லை, அவளாகவே வைத்தாள்.

அது முடிந்த கையோடு அவளைப் பழங்களை வரிசையாக அடுக்கும் கைபேசி விளையாட்டுக்கு மாற்றினார்கள். விளையாட்டு வெளியான அன்று உழைத்தவர்கள் பெயர்ப்பட்டியலில் அவள் பெயர் கடைசியில், உதவியவர்களோடு இருந்தது. இது தப்பு என்று அவள் அன்றைக்கே மேலிடத்துக்கு எழுதிப்போட்டாள். பதில் வராததால் நேரில் போய்க் கேட்டாள். அடுத்த திருத்தத்தில் பெயர் உரிய இடத்துக்கு ஏறியது.

"பாத்தீங்கள்ல?" என்றார் மேலாளர், மாடிப்படியில் எதிரே வந்தபோது. "முக்காவாசிப் பேர் சுட்டுட்டுப் பதக்கத்தை வாங்கிட்டுத்தான் போறாங்க."

"போகட்டும் சார். மாட்டேங்கிறவனுக்குக் கதவு இருக்கு. நான் கேட்டது அதுதான்."

அவர், "ஆசிரியை கடிதம் போட்டிருக்காங்க, உங்களை விசாரிச்சு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

விடுமுறை நாளில் நாத்தனார் கூடத்தில் உட்கார்ந்து அதை ஆடினாள். சுவர் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. கணவனையும் வாய்திறக்கவிடவில்லை. சுரங்கத்துக்கு வந்தாள். குரல் சுடு என்றது. நாத்தனார் ஒரு கணம்கூட யோசிக்காமல் படபடவென்று சுட்டுத் தள்ளினாள். வாத்தியம் முழங்கியது.

"அண்ணி, முடிச்சிட்டேன்! பதக்கம் குடுத்துட்டாங்க!"

கணவன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். சுவர் அவனை முறைத்துவிட்டு, காய்ந்த துணியை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். பெட்டியில் அடுக்கிக்கொண்டிருக்கும்போது கூடத்திலிருந்து குரல் வந்தது. அதில் பழைய துள்ளல் இல்லை.

"அண்ணி, அவங்க கையைத் தூக்கிட்டுத்தானே நின்னாங்க?"

"ஆமா."

"நான் கவனிக்கவே இல்ல. அந்தாளு சொன்னான், சுட்டுட்டேன்."

சுவர் போர்வையின் முனைகளைச் சேர்த்து மடித்தாள். கொஞ்ச நேரத்தில் சுரங்கத்துப் படிகளில் காலடிச் சத்தம் கேட்டது. கடைசிக் கட்டத்தை மறுபடி போட்டிருக்கிறாள். சுடு என்றது தளபதியின் குரல்.

"நீ யாருய்யா எனக்குச் சொல்றதுக்கு?" என்று நாத்தனார் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும்.