அப்பாவுக்கு ஒரு பாலம், அம்மாவுக்கு ஒரு பாலம்

1

அன்று எங்கள் முன்னறையில் இருந்தவர்கள்: நான், என் தங்கை, என் மருமகள், பொதுப்பணித் துறைப் பொறியாளர், எதிர்வரிசைத் தையற்காரர். தையற்காரர் என் சட்டைக்கு அளவெடுக்க வந்தவர். எடுத்து முடித்த பிறகும் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஒரு நாடாவைச் சுருட்ட அவ்வளவு நேரம் ஆகாது.

ஆஜர்ப் பட்டியலை முதலிலேயே வைப்பதற்கு அவர்தான் காரணம். அன்று நடந்ததைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். ஆளுக்குத் தகுந்தாற்போல் பிடித்தும் விட்டும் தைக்கிறார். எங்கள் குடும்பத்தைப் பற்றி ஒரு கதை உலவித்தான் ஆக வேண்டும் என்றால் அதை நானே எழுதிவிடுகிறேன். இந்தக் கதை பிறந்தது இப்படித்தான். கலை ஆர்வம் எதுவும் இல்லை.

2

முதல் தொடக்கம்: ‘விண்ணை முட்டி நிற்கிறது அந்த நடைமேம்பாலம்.’ அடித்துவிட்டேன். அது விண்ணை முட்டவில்லை. எங்கள் மாடி ஜன்னலைத்தான் முட்டுகிறது.

இரண்டாம் தொடக்கம்: ‘அப்பா மட்டும் இன்று உயிரோடு இருந்திருந்தால்...’ முடிக்கவில்லை. உயிரோடு இருந்திருந்தால் பாலத்துக்கு வேறு யாருடைய அப்பாவின் பெயரையாவது வைத்திருப்பார்கள்.

ஆகவே நேராகச் சொல்கிறேன். எங்கள் வீட்டு வாசலில் ஓடுவது ஒரு காலத்தில் நெடுஞ்சாலை. அதை அகலப்படுத்த, அப்பா முன்தோட்டத்தை முகம் சுளிக்காமல் கொடுத்தார். லாரிகள் ஓயாமல் ஓடின. தெருவைக் கடக்க ஒரு மேம்பாலம் வேண்டும் என்று அநேகமாக எல்லோரும் மனுக் கொடுத்தோம். மனு மெல்ல நகர்ந்தது. அது நகர்ந்து முடிவதற்குள் ஊருக்கு வெளியே புறவழிச்சாலை வந்தது, லாரிகள் அத்தனையும் அந்தப் பக்கம் போயின, எங்கள் சாலையில் கோழிகள் குறுக்கே நடந்தன. அதற்குப் பிறகு பாலம் வந்தது. வழுவழுப்பான தரை, வண்ண விளக்குகள், மின்தூக்கிக்கு ஒரு கண்ணாடிக் கூண்டு. மின்தூக்கி கிடையாது. கூண்டு மட்டும்.

“லாரிதான் போயிடுச்சே, இப்ப எதுக்கு சார் பாலம்?” என்று என் தங்கை அப்போதே பொறியாளரைக் கேட்டாள்.

“ஒதுக்கின பணம்மா. செலவு பண்ணலேன்னா திரும்பிப் போயிடும்.”

“போனா போகட்டுமே. வழி தெரியாத ஊருக்கா போகப் போகுது?”

நான் அவளை அதட்டினேன். பாலத்துக்கு அப்பாவின் பெயரை வைக்கப்போவதாகப் பொறியாளர் சற்று முன்னர்தான் சொல்லியிருந்தார்.

3

(கொஞ்சம் நிறுத்துகிறேன். இந்தப் பொறியாளரைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். முதல் பிரதியில் அவருக்குத் தொந்தியும் விரலுக்கொரு மோதிரமும் கொடுத்திருந்தேன். தங்கை படித்துவிட்டுத் தாளைக் கீழே வைத்தாள்.

“ஏண்ணே, அந்த மனுஷன் ஒல்லிக்குச்சி. பஸ்ஸுல வர்றாரு. டீ குடுத்தாக்கூட வேணாங்கிறாரு.”

உண்மைதான். அவர் கை சுத்தம். சுத்தமான கையால் இவ்வளவு வாரி இறைக்க முடியும் என்பதை வாசகர் நம்பமாட்டார் என்றுதான் தொந்தி வைத்தேன். எடுத்தாயிற்று. இனி உங்கள் பாடு.)

4

பாலம் காலியாகக் கிடந்தது.

“ஐயா, நேத்து உங்கப்பா மேல ரெண்டு நாய் படுத்துக் கெடந்துச்சு” என்றார் தையற்காரர்.

“பாலத்து மேலன்னு சொல்லுமய்யா.”

“பேரு அதுதானுங்களே?”

மறுநாள் காலை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஏறினேன். தெருவின் அந்தப் பக்கம் போகிறவர்கள் இனிப் பாலத்தின் வழியாகத்தான் போக வேண்டும் என்று வீட்டில் உத்தரவிட்டேன். மருமகள் காய்கறிப் பையோடு படியில் நின்று என்னைப் பார்த்தாள்.

“மாமா, இங்கேருந்து கத்தினா கடைக்காரர் வெங்காயத்தத் தூக்கியே போட்டுருவாரு.”

“இது குடும்ப மானம்மா.”

“மானத்துக்கு மூச்சு வாங்குது மாமா.”

ஆனாலும் ஏறினாள். எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் ஏறினார்கள். தங்கை மட்டும் ஒருநாளும் ஏறவில்லை. தெருவை நேராகக் கடந்து, எதிர்ப்பக்கம் போய் நின்று, நான் இறங்கி வரும்வரை கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பாள்.

பிறகு ஒரு பெண் வந்தாள். குடைக்குக் கீழே முக்காலி போட்டு உட்கார்ந்து, பாலத்தில் ஏறுகிறவர்களைக் கையில் இருந்த சிறு பொத்தானை அமுக்கி எண்ணினாள். அப்பாவை அரசாங்கம் எண்ணுகிறது என்றால் மகன் சும்மா இருப்பானா? அன்று நான் சற்று அதிகமாகவே உலாவினேன்.

[தங்கையின் குறுக்கீடு: தொப்பிய மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டு ஏறினத எழுதலியா?]

[வெயில் மாறியது. தொப்பியும் மாறியது.]

5

இப்போது முன்னறை. பட்டியலில் உள்ளவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். பொறியாளருக்கு முகமெல்லாம் பல்.

“உங்க பாலத்துல எதிர்பார்த்ததவிட நெரிசல் ஜாஸ்திங்கய்யா. பக்கத்துலயே இன்னொண்ணு போட்டுடலாம்னு மேல சொல்றாங்க. நாளைக்குக் கடைசியா ஒருதடவ எண்ணுவாங்க, அவ்வளவுதான். அம்மா பேரு என்னங்க?”

தையற்காரரின் நாடா நின்றது.

என் அம்மாவைப் பற்றி வாசகருக்கு ஒன்று சொல்ல வேண்டும். லாரிகள் பறந்த காலத்தில் அம்மா வலது கையை உயர்த்தியபடி இறங்கி நடப்பாள். இப்படியும் அப்படியும் பார்க்க மாட்டாள். லாரிகள் கிறீச்சிட்டு நிற்கும். ஓட்டுநர்கள் வாயைத் திறப்பார்கள். அவள் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொள்வார்கள். மேம்பாலம் கேட்டு எழுதிய மனுவில் கையெழுத்துப் போடாதவள் அவள் ஒருத்திதான். “என் தெருவத் தாண்ட நான் எதுக்குடா மாடி ஏறணும்?” என்றாள்.

“அம்மா பேர அதுமேல எழுதினா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்” என்றாள் தங்கை. கொட்டாவி இல்லை. என்னைத்தான் பார்த்துச் சொன்னாள்.

“நாளைக்கு யாருமே ஏறலேன்னா?” என்று பொறியாளரைக் கேட்டேன்.

“ஏறலேன்னா புதுசு வராதுங்க. இருக்கறது இப்படியே கெடக்கும்.”

கெடக்கும் என்றார். அப்பாவைத்தான்.

6

முடிவுகள் கைவசம் உள்ளன.

ஒன்று: மகன் ஏறுகிறான். அப்பாவின் மானம் பிழைக்கிறது; அம்மாவுக்கு ஒரு மின்தூக்கிக் கூண்டு கிடைக்கிறது; தங்கை பெட்டியை எடுக்கிறாள்.

இரண்டு: மகன் ஏறவில்லை. நாய்கள் அப்பாவிடம் திரும்புகின்றன.

மூன்று: பொறியாளர் மனம் திருந்தி... (இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.)

அப்பாவையும் அம்மாவையும் தராசில் வைத்து நிறுக்கிற முடிவை, பெற்றவர்களுக்குப் பிறந்த ஒருவன் எழுத முடியாது. வேண்டியதை வாசகரே எடுத்துக்கொள்ளலாம். எந்த முடிவானாலும் பாலத்தில் விளக்கு எரியும். அதற்கான செலவு உங்களுடையதும்தான்.

ஆனால் ஒன்றைத் திருத்தாமல் பேனாவை மூட முடியாது. மறுநாள் குடைப் பெண் பார்த்துக்கொண்டிருக்க நான் கையை உயர்த்தியபடி தெருவில் இறங்கி நடந்ததற்கு முழங்கால் வலிதான் காரணம் என்று தையற்காரர் சொல்லித் திரிகிறார். பொய். என் முழங்கால்கள் இரண்டும் நன்றாக இருக்கின்றன.