பொன்முடி வண்டியின் லிங்க் ராடு

சனிக்கிழமை காலை கரமனை வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் நான்கு பேர். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, மேசைக்குப் பின்னால் சுழல் நாற்காலியில் குற்றாலலிங்கம். அவருடைய டூரிஸ்ட் வண்டி ஆபீசும் அந்த அறைதான். அவருக்கு வலது பக்கம், தண்ணீர்க் கேனை ஒட்டிப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் தங்கை மகன் உமாசங்கர். கழக்கூட்டம் ஊரில் கம்ப்யூட்டர் வேலை, சனி ஞாயிறு லீவு. அடுக்களை வாசலில் முக்காலி போட்டு, மடியில் முருங்கைக் கீரையோடு குற்றாலலிங்கத்தின் மனைவி சிவகாமியம்மாள். அவளை யாரும் கூட்டத்துக்கு அழைக்கவில்லை. ஆனால் கீரை உருவ அன்றைக்கு அந்த வாசலில்தான் வெளிச்சம் நன்றாக இருந்தது. எதிரே, வாடகைக்கு வண்டி கேட்டு வருகிறவர்கள் உட்காரும் நீளப் பெஞ்சில் டிரைவர் ஜெபசிங். தாராளமாக மூன்று பேர் உட்காரலாம். அவனோ ஒரு நுனியில், இப்போதே எழுந்து போகிறவன் மாதிரி இருந்தான். குற்றாலலிங்கம் அதை மனதில் குறித்துக்கொண்டார். குற்றமில்லாதவன் நடுவில் அல்லவா உட்காருவான்?

விஷயம் இதுதான். குற்றாலலிங்கத்தின் வெள்ளை வண்டி ஏழு பேர் உட்காருவது. அதிகமும் பொன்முடி மலைக்கு ஓடுவது. வித்துரா வரைக்கும் பாட்டும் சிரிப்புமாகப் போகிறவர்கள், கல்லாறு தாண்டி வளைவுகள் தொடங்கியதும் வாயடைத்துப்போவார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒரு கை மட்டும் நீண்டு பிளாஸ்டிக் பை கேட்கும். வளைவுக்கு வளைவு வண்டி அப்படிச் சாய்ந்தது. பின்பக்கம் ஸ்டெபிலைசர் பாரின் லிங்க் ராடு போய்விட்டது என்று கண்டுபிடித்துச் சொன்னவனே ஜெபசிங்தான். வண்டியின் அடியில் குறுக்கே ஓடும் ஒரு வளைந்த கம்பி, வண்டி ஒரு பக்கமாகச் சாயாமல் பிடித்து நிறுத்துவது. அதன் இரண்டு முனைகளையும் சக்கரத்துப் பக்கம் இழுத்துக் கட்டும் சாண் நீளத் தண்டுகள்தான் லிங்க் ராடு, பக்கத்துக்கு ஒன்று.

"கம்பெனி ராடு வேண்டாம் மாமா. வெளித் தயாரிப்பு இருக்கு, அதைவிடக் கனம். நீளத்தைக்கூட நம்ம வண்டிக்குத் தக்கன திருகி வச்சுக்கலாம்" என்று சொல்லி, உமாசங்கர் ஆன்லைனில் வரவழைத்தான். பெட்டியைத் திறந்தால் இரண்டும் செக்கச் செவேலென்று இருந்தன. சிவகாமியம்மாள் சாமி அறையில் வைத்து, அந்தச் சிவப்பில் குங்குமம் எடுக்காதென்று சந்தனம் தொட்டுக் கொடுத்தாள். புதன்கிழமை ஜெபசிங் வண்டியை நெடுமங்காட்டில் அஜீஷின் ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்தான்.

வெள்ளிக்கிழமை காலை குற்றாலலிங்கம் பேப்பரைத் தரையில் விரித்து, குனிந்து, போன் வெளிச்சத்தில் அடியில் பார்த்தார். இரண்டு பக்கமும் கறுப்பு.

அவர் சத்தம் போடவில்லை. டிக்கியைத் திறந்தார். கழற்றிய சாமானைச் சாக்கில் சுற்றி டிக்கியில் போட்டுவிடுவது ஒர்க் ஷாப் வழக்கம், வண்டிக்காரனுக்குச் சந்தேகம் வரக்கூடாது என்று. சாக்கு இருந்தது, உள்ளே பழைய ராடு இரண்டும் துருவோடு இருந்தன. பழையது டிக்கியில். அப்படியானால் அடியில் கிடக்கும் கறுப்பு, பழையதும் இல்லை, சிவப்பும் இல்லை, மூன்றாவது ஜோடி. மலிவாக எதையோ வாங்கி மாட்டிவிட்டுச் சிவப்பை விற்றிருக்கிறான். அஜீஷைக் கூப்பிட்டுக் கேட்கலாமென்று போனை எடுத்தார். அவனும் கூட்டு என்றால்? போனை வைத்துவிட்டார்.

சந்தேகத்துக்குக் கை கால் முளைக்க இன்னொரு காரணமும் இருந்தது. நாகர்கோவில் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் ஜெபசிங் ஆம்புலன்ஸ் டிரைவர் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தான். இப்போது வேலை பார்க்கும் இடத்து முதலாளி, ஆளைப் பற்றி நேரடியாகத் தபாலில் எழுத வேண்டும். வரும் புதன்கிழமைக்குள் கடிதம் அங்கே சேராவிட்டால் வேலை அடுத்தவனுக்கு. அவன் கேட்டு நாளாயிற்று. குற்றாலலிங்கம் பார்க்கலாம், பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டிருந்தார். பொன்முடி மூடுபனியில் அவனை நம்பிக் குடும்பத்தை ஏற்றுகிறவர்கள் பெயர் சொல்லி அவனைத்தான் கேட்பார்கள். அவன் போனால் பாதித் தொழில் போய்விடும். அதற்காகத் தள்ளினார். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு காரணம் மாறிவிட்டது. போகிறவன்தானே, கிடைத்ததைச் சுருட்டிக்கொண்டு போவான்?

"புதன்கிழமை நெடுமங்காட்டுக்கு எந்த வழியாப் போனே?" என்று தொடங்கினார்.

"பேரூர்க்கடை வழி. வேற எந்த வழி அண்ணாச்சி?"

"வழியில யாரையும் பாத்தியோ?"

"ரோடு நிறைய ஆளுதானே. யாரைச் சொல்ல?"

அடுக்களை வாசலில் சிரிப்பு கேட்டது. குற்றாலலிங்கம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. நேராகக் கேட்டால் 'இல்லை' என்ற ஒரு சொல்லோடு காரியம் முடிந்துவிடும். சுற்றிச் சுற்றி வந்தால் எங்காவது கால் வழுக்கும் என்பது அவர் கணக்கு. வாடகைக்கு வருகிறவர்களிடமும் அப்படித்தான், மனைவியிடமும் அப்படித்தான்.

"வேலை நடக்கச்சே கூடவே நின்னியா?"

"நின்னேன்."

"முழுக்க?"

"நடுவில சாயா குடிக்கப் போனேன். அதுக்கும் லீவு லெட்டர் வைக்கணுமா?"

"அட்டைப்பெட்டி எங்கடே? ராடு வந்த பெட்டி?"

"அது அஜீஷ் கடையில கெடக்கு. நட்டும் போல்ட்டும் போட்டு வைக்கணும்னு எடுத்துக்கிட்டான்."

பெட்டியும் போயிற்று. குற்றாலலிங்கம் மருமகனைப் பார்த்தார். உமாசங்கர் போனைப் பார்த்தபடியே சொன்னான்: "பெட்டியோட இருந்தா ரேட் கூடும் மாமா. எங்க குரூப்பில இந்த செட்டுக்கு நல்ல டிமாண்ட். போட்டோ போட்டா உடனே ஆள் வந்திரும்."

ஜெபசிங் அவனைப் பார்த்தான். பிறகு மெதுவாகக் குற்றாலலிங்கத்தைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கட்டா? இது ஆபீசா, போலீஸ் ஸ்டேஷனா?"

"சும்மா கேக்கேன்."

"சும்மா கேக்க மாதிரி தோணல்லியே."

"வியாழக்கிழமை பொன்முடி ஓட்டம் போனியே, வண்டி எப்படி?"

"அம்சமா இருந்து. கடைசி சீட்டில ஒரு அம்மை உறங்கியே போச்சு. பை கேக்கல்ல."

குற்றாலலிங்கத்துக்கு ஒரு கணம் சந்தேகத்தின் பிடி தளர்ந்தது. உடனே உமாசங்கர், "புதுசு எதைப் போட்டாலும் கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருக்கும்" என்றான். பிடி மறுபடி இறுகியது. அடுத்த கேள்வியை யோசித்தார். சாயா குடித்த கடை எது என்று கேட்கலாமா?

"இன்னும் எத்தனை சுத்து சுத்துவிய?" என்று கீரைக் காம்பைத் தரையில் போட்டாள் சிவகாமியம்மாள். "ஏ ஜெபசிங்கு, நான் சந்தனம் தொட்டுக் குடுத்த செகப்புக் கம்பி எங்க? நீ அதை வித்துப்பிட்டேன்னு நெனச்சு இவுக நேத்து முழுக்கச் சரியாச் சாப்பிடக்கூட இல்ல."

உமாசங்கர் போனைக் கவிழ்த்து வைத்தான்.

"அடியில கெடக்கு அக்கா" என்றான் ஜெபசிங்.

"அடியில கறுப்புல்லா கெடக்கு!" சுற்றி வளைத்துக் கொண்டுவந்து கடைசியில் விரிக்க வைத்திருந்த வலை, குற்றாலலிங்கத்தின் வாயிலிருந்து தானாக விழுந்துவிட்டது.

"அப்போ குனிஞ்சு பாத்திருக்கிய. பாத்துட்டு என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல்ல." அவன் குரல் உயரவில்லை. "செகப்பு வெளியே தெரிஞ்சா ரோட்டு செக்கிங்கில மோட்டார் வாகன ஆபீஸ் எம்.வி.டி.காரன் கண்ணில படும், வண்டியில என்னத்தை மாத்துனேன்னு கேள்வி வரும்னு அஜீஷ் சொன்னான். அதான் கறுப்பு பெயிண்ட் அடிச்சு மாட்டினோம்."

"அதை வந்து சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா என்ன செய்விய? கேள்வி வருமான்னு பயந்து, கையோட கழத்தச் சொல்லுவிய. மறுபடியும் நான் வாந்தி கழுவணும். உங்களை எனக்குத் தெரியாதா?"

சிவகாமியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். குற்றாலலிங்கம் எழுந்து வெளியே போனார். மற்றவர்களும் பின்னால் போனார்கள். அவர் வண்டிச் சாவியை ஜெபசிங்கிடம் நீட்டினார்.

"சுரண்டு, பாப்போம்."

"நான் சுரண்டினா, கையில செகப்பு மை வச்சிருந்தேன்னு சொல்லுவிய. நீங்களே சுரண்டுங்க."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பேப்பரின் மேல் மல்லாந்து, குற்றாலலிங்கம் வண்டிக்கு அடியில் நகர்ந்தார். தெருவில் போனவர்களுக்கு அவருடைய இரண்டு கால் மட்டும்தான் தெரிந்தது. சாவி நுனியால் தண்டைக் கீறினார். கறுப்புச் சுருள் உதிர்ந்தது. உள்ளே பளிச்சென்று சிவப்பு. வெளியே வந்தார். அவர் பேப்பரை எடுத்துக்கொண்டு மறுபக்கம் போய்ப் படுத்தார்.

"அங்க எதுக்கு மாமா?" என்றான் உமாசங்கர்.

"ஒண்ணை மட்டும் போட்டிருந்தா?" என்று அடியிலிருந்து பதில் வந்தது.

ஜெபசிங் சிரித்துவிட்டான். சிரிப்பில் சந்தோஷம் இல்லை. அந்தப் பக்கமும் சிவப்புதான்.

அறைக்குள் திரும்பியபோது உமாசங்கருக்கு ஒரு அவசரப் போன் வந்தது. பேசிக்கொண்டே பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். குற்றாலலிங்கம் சட்டையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் எந்தக் காலத்திலும் சரியாக உட்கார்ந்ததில்லை. அதற்குப் பதிலாக, "அந்த ஆஸ்பத்திரி வேலை உனக்கு எதுக்குடே?" என்றார். "பின்னால ரூம் சும்மாத்தான் பூட்டிக் கெடக்கு. ஊரிலருந்து உன் வீட்டுக்காரி எலிசாளையும் பிள்ளையையும் இங்க கூட்டிட்டு வா. ஞாயிறுக்கு ஞாயிறு ஓடி அலைய வேண்டாம்."

"போன வாரம் இதைச் சொல்லியிருந்தா நின்னிருப்பேன் அண்ணாச்சி. இன்னைக்குக் காலம்பற வரைக்கும் எனக்கும் போகவா வேண்டாமான்னு ரெண்டு மனசுதான். இப்போ ஒரு மனசாச்சு. லெட்டரை எழுதுங்க."

"திங்கக்கிழமை எழுதினா என்ன?"

"புதன்கிழமைக்குள்ள லெட்டர் அங்க சேரணும்."

குற்றாலலிங்கத்துக்குத் தெரியும், எழுதமாட்டேன் என்று சொல்லவே தேவையில்லை. திங்கள் என்று சொல்லிச் செவ்வாய் ஆக்கினால் போதும். தபால் தாமதமானால் அவர் பொறுப்பா? ஜெபசிங் இங்கேயேதான் ஓட்டுவான். கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பான், பிறகு சரியாகிவிடும். யாரும் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் தலையை நிமிர்த்தினார். சிவகாமியம்மாள் கீரையை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பார்க்கலாம் என்று தள்ளிய ஒவ்வொரு காரியத்துக்கும் அவளிடம் கணக்கு உண்டு.

டிராயரிலிருந்து லெட்டர் பேடை எடுத்து எழுத உட்கார்ந்தார். தேதி, ஐயா, பொருள், எல்லாம் வரிசையாக வந்தன. மலைப் பாதையில் தேர்ந்த கை, குடிப்பழக்கம் இல்லை, பயணிகளிடம் மரியாதை. அடுத்த வரியில் பேனா தன் பாட்டுக்கு 'எனக்குத் தெரிந்தவரை நேர்மையானவர்' என்று எழுதி நின்றது. குற்றாலலிங்கம் அந்த வரியைப் பார்த்தார். இதைப் படிக்கிற ஆஸ்பத்திரிக்காரர் தன்னைப் போன்ற ஆளாக இருந்தால் என்ன நினைப்பார்? அந்தத் தாளைக் கிழித்தார். புதுத் தாளில் முதலிலிருந்து எழுதினார். 'நேர்மையானவர்' என்று மட்டும் எழுதி, கீழே, 'இவரை அனுப்ப எனக்கு மனமில்லை; அவர் கேட்பதால் எழுதுகிறேன்' என்று சேர்த்துக் கையெழுத்துப் போட்டார்.

"வச்சிட்டுப் போ. மத்தியானம் நான் அனுப்பிருதேன்."

ஜெபசிங் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. "நானும் வாறேன்" என்றான்.

"ஏன், நான் அனுப்ப மாட்டேனா?"

"சும்மா வாறேன்."

அந்த 'சும்மா' யாருடையது என்று குற்றாலலிங்கத்துக்குத் தெரிந்தது.

தம்பானூர் ஆர்.எம்.எஸ். தபால் ஆபீசுக்கு அதே வண்டியில் போனார்கள். கிள்ளிப்பாலம் திருப்பத்தில் ஜெபசிங் வேண்டுமென்றே வேகத்தைக் குறைக்காமல் ஒடித்தான். வண்டி தட்டில் வைத்த பாத்திரம் மாதிரி அசையாமல் திரும்பியது. நல்ல சாமான்தான் என்று சொல்ல வாயெடுத்த குற்றாலலிங்கம் சொல்லவில்லை. ஒவ்வொரு சிக்னலிலும் அவன் கண் அவர் மடியில் இருந்த கவரின் மேல் விழுந்து எழுந்ததைக் கவனித்தார். கவரை ஜன்னல் பக்கத்திலிருந்து எடுத்து, அவனுக்குத் தெரிகிற மாதிரி அவன் பக்கம் மாற்றி வைத்தார்.

கவுண்டருக்குப் பக்கத்து மேசையில் கோந்துப் புட்டி இருந்தது. குற்றாலலிங்கம் கவரின் வாயில் கோந்து தடவப் போனார்.

"ஒட்டுறதுக்கு முன்ன நான் ஒருக்கா வாசிக்கட்டா அண்ணாச்சி?"

குற்றாலலிங்கத்துக்குக் கோபம் சுரீரென்று ஏறியது. இத்தனை வருஷத்தில் அவர் எழுதிய கடிதத்தை இன்னொருவன் சரிபார்த்ததில்லை. ஆனாலும் தாளை எடுத்து நீட்டினார். ஜெபசிங் வெளிச்சத்துக்குத் திரும்பி நின்று, உதடு அசைய, மேலிருந்து கீழே வாசித்தான். கடைசி வரியை மட்டும் இன்னொரு முறை வாசித்தான். பிறகு பழைய மடிப்பிலேயே மடித்து, தானே கவருக்குள் வைத்துக் கொடுத்தான்.

"பின்கோடு எழுதியாச்சா?"

"எழுதியாச்சு."

குற்றாலலிங்கம் கோந்து தடவி, மேசையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினார். கவுண்டர்காரர் "நாகர்கோவிலோ?" என்று கேட்டபடி எடை போட்டு, ஸ்டிக்கர் ஒட்டி, ரசீதை நீட்டினார். குற்றாலலிங்கம் அதைப் பார்க்காமலே ஜெபசிங்கிடம் தள்ளினார். ஜெபசிங் ரசீதைப் பார்க்கவில்லை. கவுண்டருக்கு அந்தப் பக்கம் திறந்து கிடந்த சாக்குப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். கவர் அதற்குள் விழுந்த பிறகுதான் கண்ணை எடுத்தான்.