இடது பக்கத்தில் ஒளித்த உறை

என் மனைவி லிஃப்ட் இன்ஸ்பெக்டர். உயரமான கட்டடங்களில் லிஃப்ட் கம்பி வடங்களைத் துடைத்து, டார்ச் அடித்து, அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக எண்ணுவாள். கட்டடக்காரர்கள் காபி வாங்கிக் கொடுத்துப் பூசி மெழுகப் பார்ப்பார்கள். காபியைக் குடித்துவிட்டு, உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டு வந்துவிடுவாள். நான் பேக்கரி வைத்திருப்பவன். கேக் லேசாகக் கருகினால் மேலே கிரீம் தடவி விற்கிற ஆள். எங்கள் இருவரையும் தெரிந்துகொள்ள இவ்வளவு போதும்.

போன வருடம் அவளுடைய இடது கண்ணுக்குள் கட்டி என்றார்கள். புற்றுநோய். கதிர்வீச்சுத் தகடு ஒன்றைக் கண்ணின் மேல் தைத்து, சில நாள் வைத்திருந்து எடுத்தார்கள். கண் தப்பியது, பார்வை தப்பவில்லை. தலையைத் திருப்பாவிட்டால் இடது ஓரத்தில் இருப்பது எதுவும் அவளுக்குத் தெரியாது.

தகடு வைப்பதற்கு முன்பே டாக்டரம்மா ஒரு கேள்வி கேட்டிருந்தார். கட்டியிலிருந்து ஊசியால் துளி எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பலாமா என்று. ஒரு வகைக் கட்டி பெரும்பாலும் அதோடு அடங்கிவிடுமாம். இன்னொரு வகை சில வருடங்களில் கல்லீரலுக்குப் போக வாய்ப்பு அதிகமாம். எந்த வகை என்று தெரிந்தாலும் அதைத் தடுக்கும் மருந்து தங்களிடம் இல்லை, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுப்பது என்று முடிவு செய்யத்தான் உதவும் என்பதையும் அவர் மறைக்காமல் சொன்னார். அப்புறம் எதற்கு இந்த வேண்டாத வேலை என்று நான் வாயைத் திறப்பதற்குள் இவள் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

வெளியே காத்திருந்தவர்களில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருந்தார். அவருக்கும் இதே கட்டி, வலது கண்ணில். சோதனை வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். “ஊரார் கடிதத்தையெல்லாம் பிரிக்காமலே கொண்டுபோய்க் கொடுத்தவன்மா நான். என் கடிதத்தையும் பிரிக்காமலே இருந்துட்டுப் போறேன்” என்றார். அவள் ரசித்துச் சிரித்தாள். வீட்டுக்கு வரும் வழியில், அந்த மனுஷனுக்குத்தான் புத்தி இருக்கிறது என்று நான் குத்திக் காட்டினேன். அவர் செய்தது அவருக்குச் சரி என்றாள். தெரியாமல் இருந்தால் அவருக்குத் தூக்கம் வருமாம், தனக்கு வராதாம்.

தகட்டை எடுத்து மூன்று வாரம் கழித்துச் சோதனை முடிவு இருந்த உறை வந்தபோது அவள் வேலைக்குப் போயிருந்தாள். அவள் பெயருக்கு வந்ததை நான் பிரித்தேன். இரண்டாவது வகை.

அடுத்து நான் செய்ததை எழுதவே கூசுகிறது. கூடத்தில் அவள் உட்காரும் நாற்காலிக்கு இடது பக்கம் ஓர் அலமாரி உண்டு. அதில் என் பேக்கரிப் புத்தகங்களுக்கு நடுவே உறையைச் செருகினேன். பதினேழு வருடம் கூட வாழ்ந்தவளுக்கு எந்தப் பக்கம் தெரியாது என்று எனக்குத் தெரியும். அதையே எனக்குச் சாதகமாக்கிக்கொண்டேன். தினமும் சாயங்காலம் கடிதம் வந்ததா என்று கேட்பாள். இன்னும் இல்லை என்பேன். சொல்லிவிட்டு, அவளுக்குப் பிடித்த எலுமிச்சை கேக்கை வெட்டித் தட்டில் வைப்பேன்.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை வியாபாரம் முடிந்து வீட்டுக்குள் நுழைந்தால், மேஜையில் உறை கிடக்கிறது. அவள் எதிரே உட்கார்ந்திருக்கிறாள்.

லிஃப்டுக்குள் போனதும் அவள் முதலில் பார்ப்பது வெளிச்சம் படாத மூலையைத்தான். இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. கண் போன பிறகு எல்லா அறையிலும் அப்படித்தான் செய்கிறாள் என்பதை நான்தான் கவனிக்கவில்லை. வீட்டிலேயே அவள் மிக நன்றாகப் பார்த்து வைத்திருந்த பக்கம் அந்த இடது பக்கம். கூட இருந்தே இதைக் கோட்டைவிட்டேன்.

திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை.

“இது வந்து எத்தனை நாளாச்சு?”

“நாலு நாள்.”

“நாலு நாளும் இதை ஒண்டியா சுமந்துக்கிட்டா கேக் போட்டீங்க? அதான் நேத்து கேக்ல சர்க்கரையே இல்ல.”

நான் உடைந்து அழுதுவிட்டேன். தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று அவளிடமே கத்தினேன். அவள் தண்ணீர் குடித்தாள்.

“எனக்கும் பயமாத்தான் இருக்கு” என்றாள். “ஆனா வடம் என்னிக்கு அறுந்து விழும்னு நான் எந்த லிஃப்ட் கார்டுலயும் எழுதினதில்லீங்க. அது யாருக்குத் தெரியும்? அடுத்து என்னிக்குப் பார்க்கணும்னுதான் எழுதுவேன். அதை எழுதி வச்சுட்டா, அதுவரைக்கும் ஜனங்க நிம்மதியா ஏறி இறங்கலாம்.”

பிறகு வேலைப் பையைத் திறந்து, லிஃப்டுக்குள் ஒட்டுகிற மஞ்சள் அட்டை ஒன்றை எடுத்தாள். கட்டடத்தின் பெயர் எழுத வேண்டிய இடத்தில் தன் பெயரை எழுதினாள். நிலை என்ற இடத்தில், இயங்குகிறது. அடுத்த சோதனை என்ற இடத்தில், மூன்று மாதம் தள்ளி ஒரு தேதி. மருத்துவமனைக்கு ஏற்கெனவே போன் செய்து ஸ்கேனுக்கு நாள் வாங்கிவிட்டிருக்கிறாள். கருகியதன் மேல் கிரீம் தடவும் நான் எங்கே, இவள் எங்கே. இப்படி ஒருத்திக்கு நான் எப்படி வாய்த்தேன் என்று அந்த நேரத்திலும் வியப்பாக இருந்தது.

அட்டையையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினாள். கடைசி வரியில் ‘பொறுப்பாளர் கையொப்பம்’ என்று அச்சடித்திருந்தது. எந்தக் கட்டடத்திலும் அந்தக் கையெழுத்தை வாங்காமல் அவள் கிளம்பியதில்லை. எனக்குத் தெரியாது என்று பின்னால் யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா.

கையில் ஒட்டியிருந்த மாவைக்கூடத் துடைக்காமல் கையெழுத்துப் போட்டேன். அவள் அட்டையை வாங்கி, நல்ல கண்ணுக்கு அருகே பிடித்துச் சரிபார்த்தாள். பிறகு திருப்பித் தந்தாள்.

“தேதி போடல” என்றாள்.

அன்றைய தேதியைப் போட்டேன்.