புரட்டாசியில் வந்த விரால்

ஞானமேரி வாளியைக் கீழே வைத்ததும் உள்ளே ‘தபக்’கென்று ஏதோ துள்ளியது.

“என்ன புள்ள இது?” என்று எட்டிப் பார்த்தாள் சாரதாமணி.

“விரால்ங்கக்கா. சோடியா, உசுரோட. எங்கூட்டுக்காரரு ஏரியில புடிச்சாரு. அன்னைக்கு அத்தன முறுக்குக் குடுத்து உட்டீங்க, நாங்க சும்மா இருக்க முடியுங்களா?”

சாரதாமணிக்கு வாய் ஊறியது. அடுத்த நொடியே காலண்டர் நினைவுக்கு வந்தது. “அடப்பாவி, புரட்டாசி பொறந்துருச்சே!”

ஞானமேரி தலையில் கை வைத்துக்கொண்டாள். “கோயிலுக்குப் போனா ஃபாதர் இதெல்லாம் சொல்றதில்லைங்கக்கா, மறந்தே போச்சு. எடுத்துட்டுப் போயிரட்டுங்களா?”

“ஆசையாக் கொண்டாந்தத ஆராச்சும் திருப்பிக் கொண்டு போவாங்களா? வெச்சுட்டுப் போ.”

ஞானமேரி போய்விட்டாள். ராசிபுரத்துக்கு வெளியே, அந்தத் தோட்டத்து வீட்டின் பின்வாசலில், வாளியும் சாரதாமணியும் மட்டும் நின்றார்கள். ஐப்பசி பிறக்கும்வரை இதுகளை எங்கே வைப்பது? எதிரே கணவர் கைலாசத்தின் மீன் குட்டை பச்சைப் பசேலென்று கிடந்தது. கட்லா, ரோகு குஞ்சுகளைப் போன மாதம்தான் வாங்கி விட்டிருந்தார். ‘சாணியக் கரைச்சு உட்டாப் பாசி புடிக்கும். பாசியத் தின்னு மீன் பெருக்கும். நாம ஒண்ணும் போட வேண்டியதில்ல’ என்று வருவோர் போவோரிடமெல்லாம் அவர் சொல்வது அவளுக்கு மனப்பாடம். இத்தனை குஞ்சுகள் தின்கிற பாசியில் இன்னும் இரண்டு வாய்க்கு இல்லாமலா போகும்? வாளியைக் கவிழ்த்தாள்.

அந்தக் குட்டை தங்க வேண்டும் என்று கைலாசத்தைவிட அவளுக்குத்தான் ஆசை அதிகம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து விசைத்தறிச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தியே குடும்பம் நடத்தியவள். தோட்டத்துக்குக் குடிவந்த பிறகுதான் பல்லி கத்துவதுகூடக் காதில் விழுகிறது. ஆனால் மகன் குமரன், குட்டையை மூடி அங்கேயே தறி செட் போட வேண்டும் என்று நின்றான். முந்தின கோடையில் விட்ட மீனெல்லாம் வெயிலில் செத்துப்போனது அவனுக்கு வசதியாகிவிட்டது.

“இந்தத் தடவையும் மீன் தங்கலைன்னாத் தறிதான். ஐப்பசி ஒண்ணாந்தேதி வலை போட்டுப் பாக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். கைலாசமும் வீராப்பாகச் சரியென்றுவிட்டார்.

ஒரு வாரம் போயிருக்கும். கரையிலிருந்து கைலாசம் கத்தினார்.

“ஏம்புள்ள! எண்ணிப் பாக்கக் கொஞ்சம் தவுடு தூவுனா ஈ மாதிரி மொய்க்கும். இன்னைக்கு ஒண்ணு ரெண்டுதான் வருது. மத்ததெல்லாம் எங்க போச்சு?”

“தூங்குதோ என்னமோ.”

“அந்த மீன்கொத்தி வேலைதான். கம்பி மேல குந்திக்கிட்டு என்னையே மொறைக்குது.”

மறுநாளே கரையைச் சுற்றி முளைக்குச்சி அடித்து, பழைய கழிவு நூலைக் குட்டைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டினார். மீன்கொத்தி வந்தது. கம்பியை விட முளைக்குச்சி கிட்டத்தில் இருக்கிறதென்று அதில் உட்கார்ந்துகொண்டது.

“ஏனுங்க, தறிக்கு நூல் ஓட்டற மாதிரிக் குட்டைக்குப் பாவு ஓட்டிட்டீங்களே, சேலை எப்ப அறுக்கறது?”

“நக்கலா? தண்ணிப்பாம்பு ஒண்ணையும் பாத்தேன்.”

“பாம்பு தவளையத்தானுங்க திங்கும்.”

“அப்பத் தவளை?”

“அது பூச்சியத் திங்கும்.”

“அப்ப என் மீனத் தின்னது ஆரு?”

சாரதாமணிக்கு வாளி ஞாபகம் வந்தது. வீட்டுக்குள் போய் ஞானமேரிக்குப் போன் போட்டாள்.

“ஏம்புள்ள, விரால் பாசிதான திங்கும்?”

“பாசியா! தவளை, மீன் குஞ்சு, எலிக்குட்டி கெடைச்சாலும் உடாதுங்கக்கா. ஏன், குழம்பு நல்லா இருந்துச்சுங்களா?”

“இன்னும் வெக்கல சாமி” என்று போனை வைத்தாள்.

அன்று முதல் கைலாசம் கடைக்குப் போகும்போதெல்லாம் விராலைப் பிடிக்க அவள் கூடையோடு கரையில் குந்தினாள். விரால் ‘தபக்’கென்று மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கி, அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடியில் போய்விடும். ஒருமுறை அந்தச் சத்தம் கைலாசத்தின் காதிலும் விழுந்தது. “கேட்டியா? கட்லா அதுக்குள்ள பெருத்துருச்சு!” என்று பூரித்துப்போனார். அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஐப்பசி முதல் நாள் குமரன் வந்தான். கையில் வலை இல்லை. அளக்கிற டேப்தான் இருந்தது.

“வலையே வேண்டாங்கப்பா. எறங்கிப் பாத்தாத் தெரிஞ்சுரும்.” பேன்ட்டை மடித்துக்கொண்டு குட்டையில் இறங்கினான். ஓரத்தில் செக்கச்செவேலென்று ஏதோ கும்பலாக மிதந்தது. “இதென்ன, துருவா?” என்று காலால் தள்ளினான்.

அடுத்த கணம் முழங்காலில் ஏதோ முட்ட, “பாம்பு! பாம்பு!” என்று எகிறினான். நூல் கழுத்தில் மாட்டியது, முளைக்குச்சி பிடுங்கிக்கொண்டது, டேப் தண்ணீரில் போனது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு கரையில் விழுந்தவனை விட்டுவிட்டுக் கைலாசம் குட்டையைக் குனிந்து பார்த்தார்.

“பாம்பில்லடா, விரால்! அந்தச் செவப்பெல்லாம் குஞ்சு. தாயும் தகப்பனும் காவல் நிக்குது. கிட்டப் போனா முட்டாம என்ன பண்ணும்?” பிறகு நிமிர்ந்தார். “இது எப்படி இங்க வந்துச்சு?”

“மழையில ஏறி வந்திருக்குமுங்க” என்றாள் சாரதாமணி.

“மழையே பேயலையே.”

“…வாளியில வந்துச்சுங்க.”

முழுவதையும் சொன்னாள். குமரன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

“அப்பக் கட்லா, ரோகு எல்லாம் காலி. தறி செட்டுதான்.”

கைலாசம் மனைவியைப் பார்த்தார். தறிச் சத்தம் இப்போதே கேட்பதுபோல அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தாள். அவர் தொண்டையைச் செருமினார்.

“மீன் தங்கணும்னுதான சொன்ன? தங்கியிருக்குது, குடும்பத்தோட.”

“என்னங்கப்பா நியாயம் இது?”

“என்னையக் கேக்காத. எறங்கி அதுககிட்டக் கேளு. அப்படியே உன் டேப்பையும் எடுத்துக்க.”

குமரன் டேப் மூழ்கிய இடத்தைப் பார்த்தான். அந்த இடத்தில் தண்ணீர் ஒருமுறை சுழித்தது. அவன் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

வண்டிச் சத்தம் ஓய்ந்ததும் கைலாசம் மெதுவாகக் கேட்டார். “ஐப்பசிதான் பொறந்துருச்சே. தாய் விராலைப் புடிச்சு ஒரு குழம்பு…”

“புள்ள பெத்தவளையா? வாயக் கழுவுங்க!”

“சரி புள்ள. ஆனா பாசியத் தின்னு வளர்ற சாதியில்லியே இது. இத்தன வாய்க்கும் என்னத்தப் போடறது?”

சாரதாமணி யோசித்துவிட்டு ஞானமேரிக்குப் போன் போட்டாள்.

“புள்ள, உங்கூட்டுக்காரரு ஏரிக்குப் போனா ஜிலேபிக் கெண்டை கொஞ்சம் உசுரோட வேணுமே… ஆமா, பொடிசா… இல்ல சாமி, எங்களுக்கில்ல.”