மகாராஜன் அண்ணன் திருப்பிவிட்ட தண்ணீர்

போடி ஏலக்காய் வியாபாரி மகாராஜன் அண்ணன், குரங்கணிக்கு மேலே தன் தோட்டத்து பங்களாவில் நீச்சல் குளம் கட்டினார். பெங்களூர் மருமகன் வினோத்குமாருக்கு நீச்சல் என்றால் உயிராம். மருமகன் உயிரைக் காப்பாற்றுவதைவிட மாமனாருக்கு வேறென்ன வேலை?

குளத்துக்கென்று ஆழ்துளைக் கிணறு போட்டார்கள். அந்தக் கோடையிலேயே கீழே எங்கள் ஏலக்காட்டு ஊற்று வற்றிப்போனது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று அண்ணன் அடித்துச் சொன்னார். ஊற்றுக்கே வாழ்க்கை வெறுத்திருக்கும் போல.

எங்கள் சரிவில் ஒரு வழக்கம் உண்டு. கோடையில் மேல்காட்டில் தண்ணீர் இருந்தால் கீழ்காட்டுக்கு ஓஸ் குழாயைத் திருப்பிவிட வேண்டும், கேட்டால் இல்லை என்று சொல்லக்கூடாது. எங்களுக்கு இருப்பது அந்த ஒரு காடுதான். செடி வாடினால் சோற்றுக்கு வழியில்லை. மேலே ஏறிப் போய்க் கேட்டேன்.

"மருமகன் ஊருக்குப் போகட்டும், தாயி. குளிச்ச தண்ணிய வீணாக்க மாட்டேன். மொத்தத்தையும் ஒங்க காட்டுக்கே விட்டுர்றேன்" என்றார் அண்ணன்.

சொன்னபடியே செய்தார். ஓஸில் தண்ணீர் வந்ததும் என் வீட்டுக்காரர் ஈஸ்வரன் சூடம் ஏற்றிக் கும்பிட்டார். தண்ணீரில் ஆஸ்பத்திரி வாடை அடித்தது. பணக்கார வீட்டுத் தண்ணீர், அப்படித்தான் சுத்தமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு தூர் தூராகப் பார்த்துப் பாய்ச்சினேன்.

முதலில் தவளைகள் மல்லாந்தன. பிறகு இலை ஓரம் கருகியது. பூவெடுத்த சரமெல்லாம் காய்ந்து தொங்கியது. பாசி பிடிக்காமல் இருக்கக் குளத்தில் மருந்து கொட்டியிருந்தார்களாம். பாசியே பிழைக்காத தண்ணீரில் ஏலச்செடி பிழைக்கும் என்று நம்பிய எங்கள் அறிவை என்ன சொல்ல! மறுபடி மேலே போனேன்.

அண்ணனுக்கு நிஜமாகவே வருத்தம். "எங்க மருமகன் அந்தத் தண்ணியில வாய் கொப்பளிச்சாரு, தாயி. அவருக்கு ஒண்ணும் ஆகலையே."

"அவரு காய்க்க வேண்டியதில்லையே, அண்ணே" என்றேன்.

அதற்கும் அவர் கோபப்படவில்லை. பெரிய மனசு. ஆள் அனுப்பி எனக்கு வேலையே கொடுத்துவிட்டார். குளத்தில் புதுத் தண்ணீர் நிரப்பியாயிற்று, அதில் விழும் சருகை வலை போட்டு அள்ள வேண்டும். காடு போன பிறகு வீம்பு பேசி என்ன செய்வது? போகிறேன்.

ஒரு ஓஸ் தண்ணீர் கேட்டவள் இப்போது குளம் நிறையத் தண்ணீருக்குக் காவல் நிற்கிறேன். எங்கள் வீட்டுக்குக் குடிக்கிற தண்ணீர் குரங்கணியிலிருந்து ஜீப்பில் வருகிறது.